போக்கிமான் டபுள்ஸில் மழை டீம் கட்டினேன், தோற்றுக்கொண்டே இருக்கிறேன். எதை மாற்ற வேண்டும்?

ஸ்கார்லெட்-வயலெட் கேமில் இரண்டுக்கு இரண்டாக மோதும் டபுள்ஸ் போட்டிக்காக பெலிப்பர், பாலிடோட், கிங்ட்ரா, பாரஸ்க்யூடா, ஃப்ளோட்ஸெல், பாஸ்குலீஜியன் என்று ஆறும் தண்ணீர் டைப்பாக ஒரு டீம் வைத்திருக்கிறீர்கள். மழை இருக்கும்வரை அடித்து நொறுக்குகிறது, நின்றதும் சரிந்துவிடுகிறது என்கிறீர்கள். நான் முதலில் கட்டியதும் கிட்டத்தட்ட இதே டீம்தான். இரண்டு மாதம் தோற்ற பிறகுதான் புரிந்தது: ஆறும் மழையை மட்டும் நம்பினால் அது வானம் பார்த்த பூமி.

பெலிப்பர் இறங்கியதும் அதன் டிரிஸில் எபிலிட்டி (தானாக வேலை செய்யும் திறன்) மழையைக் கொண்டுவரும். அந்த மழை தருவது கொஞ்சநஞ்சமல்ல. தண்ணீர் மூவ்களின் பலம் ஒன்றரை மடங்காகிறது, நெருப்பு மூவ்கள் பாதியாகின்றன. ஸ்விஃப்ட் ஸ்விம் எபிலிட்டி உள்ளவற்றின் வேகம் இரட்டிப்பாகிறது. வழக்கமாக 70 சதவீதம் மட்டுமே படும் ஹரிக்கேன், மழையில் தவறவே தவறாது. ஆனால் இதெல்லாம் 5 டர்ன்களுக்குத்தான். 2013இல் எக்ஸ்-வை கேம்கள் வருவதற்கு முன், டிரிஸில் கொண்டுவந்த மழை இன்னொரு வானிலை வந்து மாற்றும்வரை நிற்காது. அந்தக் காலத்துப் போட்டி வீடியோக்களைப் பார்த்து டீம் கட்டினால் இன்றைக்கு ஏமாற்றம்தான்.

எனக்குப் பாடமாக அமைந்த ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். எதிராளி வெயிலைக் கொண்டுவரும் டோர்க்கோலையும் ஹிசுய் லில்லிகன்டையும் இறக்கினார். நான் பெலிப்பரையும் பாஸ்குலீஜியனையும் இறக்கினேன். திரையில் முதலில் மழை தொடங்கியது, அடுத்த நொடியே வெயில் வந்து அதை அழித்தது. இரண்டு வானிலைக்காரர்கள் ஒரே நேரத்தில் இறங்கினால் வேகமானதன் எபிலிட்டி முதலில் வேலை செய்யும், மெதுவானதுடையது கடைசியில் வந்து நிலைக்கும். டோர்க்கோலின் அடிப்படை வேகம் வெறும் 20, பெலிப்பருக்கு 65. இந்தப் பந்தயத்தில் பெலிப்பர் ஜெயிக்கவே முடியாது. வெயிலில் வேகத்தை இரட்டிப்பாக்கும் குளோரோஃபிலோடு லில்லிகன்ட் முந்திக்கொண்டு, கூட்டாளியை அடுத்ததாக ஆடவைக்கும் ஆஃப்டர் யூ போட, டோர்க்கோலின் நெருப்பு மூவான எரப்ஷன் உடனே வந்து விழுந்தது. என் இரண்டுக்கும் ஏறத்தாழ பாதி உயிர் போனது. பாஸ்குலீஜியனின் தண்ணீர் மூவான வேவ் க்ராஷ் டோர்க்கோலின் பாதி உயிரை எடுத்ததோடு சரி.

அடுத்த ஆட்டத்தில் பெலிப்பரைப் பின்னால் வைத்துக்கொண்டேன். ஆர்ச்சலூடனும் (இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்) பாஸ்குலீஜியனும் முன்னால். முதல் டர்னிலேயே ஆர்ச்சலூடனை எடுத்துவிட்டு பெலிப்பரை இறக்கினேன். லெவல் 50 கணக்கைப் பாருங்கள். வெயிலில் லில்லிகன்டின் வேகம் 344, என் பாஸ்குலீஜியனுடையது 130. பெலிப்பர் உள்ளே வந்த கணமே அது 172 ஆனது, இது 260 ஆனது. வெயிலில் பாதியாகும் அதே வேவ் க்ராஷ் மழையில் ஒன்றரை மடங்கு, அதாவது மூன்று மடங்கு வித்தியாசம். முழு உயிரோடு நின்ற டோர்க்கோல், டெரா மூலம் டைப் மாறாமல் இருந்ததால், ஒரே அடியில் விழுந்தது. மோதியது அதே நான்கு போக்கிமான்கள்தான், பெலிப்பர் இறங்கிய நேரம் மட்டுமே வேறு.

அதனால் எதிரில் டோர்க்கோலைக் கண்டால் பெலிப்பரைப் பின்னால் வையுங்கள். வெயில் கொண்டுவரும் நைன்டேல்ஸ் என்றால் அது 100 வேகம், பயமில்லாமல் முன்னால் இறக்கலாம். மணல்புயல் கொண்டுவரும் டைரானிட்டருக்கு 61, நெருக்கமான போட்டி. அதற்காகவே என் பெலிப்பரின் வேகத்தைக் குறைத்து வளர்த்திருக்கிறேன்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. மழை பெய்துகொண்டிருக்கும்போது பெலிப்பரை மறுபடி இறக்கினால் டர்ன் கணக்கு புதிதாகத் தொடங்காது. ஐந்தாவது டர்னில் அவசரப்பட்டு இறக்கினால், அந்த டர்ன் முடிவில் மழை நின்றுவிடும், பெலிப்பரும் வெறுமனே நிற்கும். மழை நின்ற பிறகு இறக்குங்கள். மழையை 8 டர்னாக நீட்டும் டேம்ப் ராக் பொருள் வேண்டுமா என்றால், சிங்கிள்ஸில் அவசியம். டபுள்ஸில் எனக்கு, முழு உயிரோடு இருக்கும்போது ஒரே அடியில் விழாமல் காக்கும் ஃபோகஸ் சாஷ்தான் பிடிக்கும். மின்சார மூவ் பெலிப்பரை நான்கு மடங்கு தாக்கும். ஒரு அடியைத் தாங்கி, நம் பக்கத்தின் வேகத்தை இரட்டிப்பாக்கும் டெயில்விண்டாவது போட்டுவிட்டுச் சாகட்டும்.

இப்போது உங்கள் டீமுக்கு வருவோம். பாலிடோட், பாரஸ்க்யூடா, ஃப்ளோட்ஸெல் மூன்றையும் எடுத்துவிடுங்கள். மழையில் ஓடும் ஆள் ஒன்று போதும், இரண்டு தாராளம். தண்ணீருக்கு எதிரியான புல் டைப் ரில்லபூம் வந்தால் என்ன செய்வீர்கள்? புல்தரையில் அதன் கிராஸி கிளைட் முந்திக்கொண்டு வரும் மூவ். உங்கள் வேகம் இரட்டிப்பானாலும் நாலு மடங்கானாலும் அதற்குக் கவலையே இல்லை.

அந்த இடத்தில் முதலில் ஆர்ச்சலூடனைச் சேருங்கள். இன்டிகோ டிஸ்க் என்ற கூடுதல் பகுதியில் வந்த இது தண்ணீர் டைப்பே அல்ல, எஃகும் டிராகனும். அதன் எலக்ட்ரோ ஷாட் மற்ற நேரத்தில் ஒரு டர்ன் சேமித்து அடுத்த டர்னில்தான் பாயும். மழையில் அதே டர்னில் ஸ்பெஷல் அட்டாக்கை ஏற்றிக்கொண்டு 130 பலத்தோடு பாய்கிறது. புல் மூவ் அதன்மேல் கால்வாசிதான் படும். மழை நின்றாலும் அது அசையாது, ஸ்டாமினா எபிலிட்டி இருப்பதால் ஒவ்வொரு அடிக்கும் டிஃபென்ஸ் ஏறிக்கொண்டே போகும். என் டீமில் நான் மிகவும் நம்பும் போக்கிமான் இதுதான். தரை மூவுக்கும் சண்டை மூவுக்கும் மட்டும் ஜாக்கிரதை.

அப்புறம் மழையே தேவைப்படாத இரண்டு பேர் வேண்டும். நான் வைத்திருப்பது இன்சினரோரும் அமூங்கஸும். மழை டீமில் இன்சினரோர் என்ற நெருப்புப் பூனையா என்று கேட்பார்கள். அதன் நெருப்பு எனக்குத் தேவையில்லை. எதிரியைத் திகைக்கவைக்கும் ஃபேக் அவுட் ஒரு டர்னை வாங்கித் தரும், எதிரியைப் பலவீனமாக்கிவிட்டு வெளியேறும் பார்ட்டிங் ஷாட் பெலிப்பரைப் பத்திரமாக உள்ளே கொண்டுவரும்.

மழை இரு பக்கமும் பெய்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். எதிராளியிடம் தண்ணீர் உர்ஷிஃபு இருந்தால் அதன் சர்ஜிங் ஸ்ட்ரைக்ஸும் உங்கள் மழையில்தான் ஒன்றரை மடங்காகிறது. குளோஸ் காம்பட் போட்டு ஆர்ச்சலூடனையும் மடக்கும். அப்படிப்பட்ட ஆட்டங்களில் ஆறிலிருந்து நாலைத் தேர்வு செய்யும்போது பெலிப்பரையே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன், ஜெயித்தும் இருக்கிறேன்.

பெலிப்பர், பாஸ்குலீஜியன், ஆர்ச்சலூடன், இன்சினரோர், அமூங்கஸ் என்று ஐந்து ஆயிற்று. உங்கள் சீசன் விதியில் எவையெல்லாம் அனுமதி என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆறாவது இடத்தில் இப்போதைக்கு கிங்ட்ராவே இருக்கட்டும். போக்கிமான் ஷோடவுன் இணையதளத்தில் இருபது ஆட்டம் ஆடி, தோற்றபோதெல்லாம் எதிரில் எது நின்றது என்று எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலோடு வாருங்கள், அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.