கப்பலில் கொலை: எங்கே சறுக்கியது?

கேள்வி: அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சிக்காக 1974இல் எடுத்த ‘டெத் குரூஸ்’ படம் பார்த்தேன். கப்பலில் அடுத்தடுத்துக் கொலை. ஆனாலும் விறுவிறுப்பே இல்லையே, ஏன்?

பதில்: பரிசுப் பயணம் வந்த மூன்று தம்பதிகளின் கதை, ஓடுவதோ ஏறக்குறைய 74 நிமிடம். தலைக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் தேறும். ஆள் மனதில் பதியும் முன்பே பிணமானால் யார் பதறுவார்? சாவு கூடக் கூட, சந்தேகப் பட்டியலும் தானாகவே சுருங்கிவிடும்.

1975இல் வந்த, ‘கொலம்போ’ என்ற துப்பறியும் தொலைக்காட்சித் தொடரின் கப்பல் கதையைப் பாருங்கள். கொலையாளி யாரென்று முதலிலேயே தெரியும். துப்பாக்கிச் சத்தத்தை அடக்கத் தலையணை. அதிலிருந்து பறந்த ஒற்றை இறகு கப்பல் மருத்துவமனையில் கிடக்கிறது. அங்கே இருப்பதோ நுரைத் தலையணை! கடைசியில் ரப்பர் கையுறையின் உட்புறக் கைரேகை. கப்பலையே துப்பாக மாற்றியது அந்தத் திரைக்கதைதான்.