தாழப் பறந்து மருந்து தெளிக்கும்போது விமானத்தின் எஞ்சின் நின்றுபோனால் விமானி என்ன செய்வார்? குதித்துத் தப்ப முடியாதா?

குதிக்க முடியாது. பயிருக்கு மேல் மூன்று, நான்கு மீட்டரில்தான் தெளிப்பு நடக்கிறது. பாராசூட் விரிய அந்த உயரம் போதாது. விமானியிடம் மிச்சமிருப்பது வேகம் ஒன்றுதான்.

அமெரிக்காவின் ஏர் டிராக்டர் 502 விமானத்தை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 220 கி.மீ. வேகத்தில் இருப்பவர் மூக்கைத் தூக்கி 145 கி.மீ.க்குக் குறைத்தால், கணக்குப்படி சுமார் 108 மீட்டர் ஏறலாம். ஆனால் தெளிப்புக் குழாய்களும் சும்மா சுழலும் ப்ரொப்பெல்லரும் காற்றைத் தடுப்பதால் அதில் கணிசமான பகுதி போய்விடும். மரம், மின்கம்பி தாண்டி இறங்க ஓர் இடம் பார்க்க மிஞ்சும் உயரம் போதும். அரை நிமிடம்கூடக் கிடைக்காது.

மூக்கைத் தூக்கும்போதே, தொட்டியிலுள்ள மருந்தை மொத்தமாகக் கொட்டிவிடும் டம்ப் லீவரை இழுக்க வேண்டும். உயிரைக் காப்பது பெரும்பாலும் இந்த ஓர் இழுப்புதான். 502-இன் மருந்துத் தொட்டி 1,890 லிட்டர் கொள்ளும். மொத்தம் 4,200 கிலோ எடையில் 1,700 கிலோ மருந்துக் கலவை என்றால், கொட்டியதும் எஞ்சுவது 2,500 கிலோ. ஸ்டால் வேகம், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போகும் வேக எல்லை, எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே அது 23 சதவீதம் குறையும். எடையும் வேகமும் சேர்ந்து குறைவதால், தரையில் மோதும் ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. விலை உயர்ந்த மருந்தாயிற்றே என்று தயங்கவே கூடாது. தொட்டியின் அடிக்கதவு திறந்ததும் மூக்கு தானாக மேலே எழும்பும். ஸ்டிக்கை (கட்டுப்பாட்டுக் கோலை) முன்னால் அழுத்திப் பிடிக்காவிட்டால் அங்கேயே ஸ்டால் ஆகிவிடும். குடியிருப்பு நெருங்கிய பகுதிக்கு மேல் தெளிக்கும் விமானம் பாதிச் சுமையையாவது 45 வினாடிக்குள் கொட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விமான விதி, பகுதி 137. நடைமுறையில் சில வினாடிகளிலேயே தொட்டி காலியாகும்.

அடுத்து ப்ரொப்பெல்லரை ஃபெதரில் வைப்பது, அதாவது காற்றைத் தடுக்காதபடி அதன் இதழ்களைத் திருப்பிவிடுவது. பிறகு, மெதுவாகப் பறக்க உதவும் இறக்கைப் பலகையான ஃப்ளாப்பை இறக்குவது. ஓடுதளத்துக்குத் திரும்பப் பார்ப்பதுதான் கொல்லும் தவறு: 45 பாகை சாய்வில் ஸ்டால் வேகம் 19 சதவீதம் கூடும், 60 பாகையில் 41 சதவீதம். வயலின் ஓரத்தில் வளைந்து திரும்பும் கட்டத்தில் எஞ்சின் நின்றால் மிக மோசம். வேகமும் குறைவு, சாய்வும் இருக்கிறது. உடனே இறக்கையைச் சமன்செய்து நேர் எதிரே இறங்க வேண்டும். பாத்தி ஓடும் திசையில் இறங்குவது நல்லது. மண்சாலை ஆசை காட்டும். அதன் ஓரத்தில்தான் மின்கம்பி போகும். தண்ணீர் நிற்கும் நெல்வயலில் சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழலாம். மருந்துத் தொட்டி விமானிக்கு முன்னால் இருப்பதும், காக்பிட்டைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூடு இருப்பதும் இதற்காகத்தான். தோள்பட்டை பெல்ட்டும் ஹெல்மெட்டும் இல்லையென்றால் அந்தக் கூட்டால் பயனில்லை.

எஞ்சின் ஏன் நிற்கிறது? மருந்து கூடுதலாக ஏற்ற எரிபொருளைக் குறைப்பது, எரிபொருளில் தண்ணீர், டர்பைன் பிளேடு உடைவது. இன்னொன்று ஏமாற்றக்கூடியது: எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரிலிருந்து எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவிக்குக் காற்றழுத்தம் கொண்டுபோகும் சிறு குழாய் விரிசல் விட்டால் எஞ்சின் அணையாது, ஐட்லுக்கு (உந்துவிசை இல்லாத மிகக் குறைந்த ஓட்டத்துக்கு) இறங்கிவிடும். சத்தம் கேட்கிறதே என்று காத்திருந்தால் வேகம் போய்விடும்.

உதவிக்கு ஓடுகிறவர்கள் காற்று வீசிவரும் பக்கமிருந்து, கையுறையோடு நெருங்குங்கள். விமானியின் நனைந்த உடையைக் களைந்து, உடம்பை நிறைய தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கி, எச்சில் வழிந்தால் அது ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிமருந்து வகையின் நஞ்சாக இருக்கலாம். எந்த மருந்து ஏற்றியிருந்தது என்பதை ஆம்புலன்ஸ்காரர்களிடம் முதலில் சொல்லுங்கள்.