விழுங்க வந்த செல்லுக்குள்ளேயே குடித்தனம்

கேள்வி: அம்மா, உடம்புக்குள் எந்தக் கிருமி வந்தாலும் வெள்ளையணுக்கள் பிடித்துத் தின்றுவிடும் என்று படித்திருக்கிறேன். காசநோய்க் கிருமி மட்டும் எப்படித் தப்பி ஓடுகிறது? (கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, அது ஓடுவதே இல்லை. ஓட அதற்கு வாலும் கிடையாது. பிடிபடத்தான் வருகிறது.

நோயாளி இருமும்போது தெறிக்கும் நுண்துளி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். அங்கே மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல் காவல் இருக்கிறது. கிருமியைக் கண்டதும் ஒரு சின்னப் பைக்குள் இழுத்துக்கொள்ளும். அப்புறம் லைசோசோம் என்ற இன்னொரு பை வந்து அதோடு ஒட்டி, தன்னிடம் உள்ள செரிமான நொதிகளைக் கொட்டும். பை அமிலமாகி, உள்ளே இருப்பது கரைந்துபோகும். மற்றக் கிருமிகள் பலவற்றின் கதை இங்கேயே முடிந்துவிடும்.

காசநோய்க் கிருமி இந்த இரண்டு பைகளையும் ஒட்ட விடாது. இதை முதலில் கண்ணால் பார்த்தவர்கள் ஆர்ம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் என்ற இருவர், 1971-இல் வெளியிட்டார்கள். லைசோசோம்களில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கறுப்பாகத் தெரியும் ஃபெரிட்டினை ஏற்றிவிட்டு, செல்களுக்குக் கிருமியைக் கொடுத்தார்கள். செத்த கிருமி இருந்த பைகளில் கறுப்பு வந்து நிறைந்தது. உயிருள்ள கிருமி இருந்த பைகளில் பெரும்பாலும் ஒரு புள்ளிகூட இல்லை. உயிரோடு இருந்தால்தான் இந்தத் தடை வேலை செய்கிறது. அப்படியானால் கிருமி அங்கே ஏதோ செய்துகொண்டே இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

என்ன செய்கிறது என்பது பிறகு துண்டு துண்டாகத் தெரிய வந்தது. கிருமியை அடைத்த பையின் வெளிப்பக்கத்தில் ஒரு கொழுப்பு மூலக்கூறு உண்டு. 'இது செரிக்க வேண்டிய சரக்கு' என்று ஒட்டிய சீட்டு மாதிரி. கிருமி சாப்எம் என்ற நொதியை அனுப்பி அந்தச் சீட்டைக் கிழித்துவிடுகிறது. பி.டி.பி.ஏ. என்ற இன்னொன்று, அமிலத்தை உள்ளே தள்ளும் பம்பைப் பையில் வந்து பொருந்த விடாமல் தடுக்கிறது. அமிலத்தை அளக்கும் எண்ணான பி.எச். (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5-க்கோ அதற்கும் கீழேயோ இறங்க வேண்டிய இடம் 6-க்கு மேலேயே நின்றுவிடுகிறது. கிருமி அங்கே குடித்தனம் போட்டுவிடுகிறது.

அதன் மேல்சுவர் பற்றியும் சொல்ல வேண்டும். நான் அதைப் படித்துத் தெரிந்துகொண்டதைவிட ஸ்லைடில் பார்த்துத் தெரிந்துகொண்டதே அதிகம். முப்பது வருடம் சளி ஸ்லைடு படித்த கண் இது. சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் தீயைக் காட்டி ஆவி பறக்கும்வரை சூடாக்குவோம். அப்புறம் கந்தக அமிலம். மற்றவை எல்லாம் சாயத்தை விட்டுவிடும், இது விடாது. நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சியாகத் தெரியும். காரணம், மைகோலிக் அமிலம் என்ற நீளமான கொழுப்பு சேர்ந்த மெழுகுச் சுவர். சாயம் விடாததும் செல்லின் தாக்குதலைத் தாங்குவதும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் பின்னால் இந்தச் சுவர் இருக்கிறது.

பயிற்சிக் காலத்தில் ஒரு ஸ்லைடில் நாற்பது இடம் பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதினேன். கழுத்து வலி, வேறென்ன. எனக்கு மூத்தவர் ஒன்றும் பேசாமல் என் ஸ்டூலில் உட்கார்ந்து நூறு வரை எண்ணினார். எழுபத்திரண்டாவது இடத்தில் இரண்டு குச்சிகள், ஒன்றோடொன்று சாய்ந்தபடி. அவற்றை இன்னும் மறக்கவில்லை.

மேக்ரோபேஜ் ஹைட்ரஜன் பெராக்சைடையும் பீய்ச்சும். கிருமி அதை கேட்ஜி என்ற நொதியால் உடைத்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், காசநோய்க்கு நாம் கொடுக்கும் ஐசோனியசிட் மாத்திரையை விஷமாக மாற்றுவதும் அதே கேட்ஜிதான். தன் கேடயத்தாலேயே அடி வாங்குகிறது. அந்த நொதி பழுதான கிருமிகளிடம் மருந்து பலிக்காமல் போவதும் அதனால்தான்.

இன்னொரு தந்திரம் மந்தம். குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரண்டாகும். இதற்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வேண்டும். சத்தம் போடாத திருடன். நிணநீர்க் கணுவுக்குச் செய்தி போய், கிருமியை அடையாளம் கண்டு எதிர்க்கும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் தயாராகி நுரையீரலுக்கு வரவே வாரக்கணக்கில் ஆகிறது. அதற்குள் செல்லைக் கொன்று வெளியே வந்து, செத்த செல்லைத் தின்ன வரும் அடுத்த மேக்ரோபேஜுக்குள் போய்விடும். வீடு மாற்றுவதும் விழுங்கப்பட்டே!

கேள்வி: மூட்டுவாதத்துக்குப் புதுவகை ஊசி போடுமுன் டி.பி. டெஸ்ட் எடுத்தார்கள். பாசிட்டிவ், ஆனால் நோய் இல்லை, கிருமி தூங்குகிறது என்கிறார்கள். எனக்கு வலி முழங்காலில்தானே? (வாசகி)

பதில்: கோபம் வேண்டாம். அவர்கள் செய்ததுதான் சரி.

மேக்ரோபேஜ் தனியாகச் சமாளிக்க முடியாதபோது உடம்பு செல்களை அடுக்கிக் கிருமியைச் சுற்றி ஒரு கட்டு கட்டுகிறது. கிரானுலோமா என்பார்கள். உள்ளே ஆக்சிஜன் குறையும். கிருமி தன் வேலைகளைச் சுருக்கிக்கொண்டு கிடக்கும், வருடக்கணக்கில். உலகில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்தத் தொற்று ஏற்பட்டிருக்கும் என்பது கணக்கு. அதில் நோயாக மாறுவது ஆயுளில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு.

அந்தக் கட்டு குலையாமல் இருக்க டி.என்.எஃப். என்ற பொருள் வேண்டும். மூட்டை வீங்க வைப்பதும் அதேதான். உங்களுக்குச் சொல்லியிருக்கும் ஊசி அதைத் தடுக்கும் வகையாக இருக்கலாம். முழங்காலுக்கு நிம்மதி, ஆனால் நுரையீரலில் கட்டு அவிழும். அந்த ஊசி போட்டவர்களுக்குக் காசநோய் கிளம்பிய செய்தி 2001-லேயே வந்துவிட்டது. அதனால்தான் முதலில் தடுப்பு மாத்திரை, பிறகு ஊசி.

ஒரு திருத்தம்: அந்த டெஸ்ட் கிருமியைப் பார்ப்பதில்லை. உங்கள் டி செல்களுக்கு அதன் அடையாளம் தெரியுமா என்று மட்டுமே கேட்கிறது.

கேள்வி: எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மாத்திரை தினமும் சாப்பிடுகிறேன். டி.பி. வராதல்லவா? (வாசகர்)

பதில்: இந்தக் கேள்வி மாதாமாதம் வருகிறது. சாப்பாடே இல்லாமல் மெலிந்தவருக்கு இந்த நோய் எளிதில் வரும், எச்.ஐ.வி. உள்ளவருக்கும் வரும், அதெல்லாம் உண்மை. ஆனால் 'கூட்டினால் தப்பிக்கலாம்' என்பது இந்தக் கிருமியிடம் நேர்க்கணக்கு இல்லை.

பல கிருமிகள் நம் டி செல்கள் அடையாளம் காணும் பகுதிகளை மாற்றிக்கொண்டே இருக்கும். காசநோய்க் கிருமி மாற்றுவதில்லை. உலகின் பல பகுதிகளிலிருந்து எடுத்த கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்ட 2010 ஆய்வில் அந்தப் பகுதிகள்தான் மிகக் குறைவாக மாறியிருந்தன. 'என்னைப் பார்' என்று நிற்கிறது. ஏன் என்று யோசித்தவர்கள் சொல்லும் விளக்கம் எனக்கும் சரியாகப் படுகிறது: நம் தாக்குதலில் நுரையீரல் அரிக்கப்பட்டுக் குழி விழுந்தால்தான், கிருமி மூச்சுக்குழாய்க்கு வந்து இருமலோடு அடுத்தவரைச் சேர முடியும். எதிர்ப்பு மிகவும் தேய்ந்த எச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் குழி விழுவது குறைவு. அவர்கள் ஸ்லைடில் கிருமியைத் தேடி நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். நூறு இடம் பார்த்தும் கிடைக்காது, ஆனால் உள்ளே நோய் முற்றியிருக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மாத்திரை டப்பாவை ஓரமாக வைத்துவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள். காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்த சளியைக் கொடுங்கள். எச்சிலைத் துப்பிக் கொடுக்காதீர்கள், அதில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம்.