கீழ்மாடி அங்கிளின் கதையை அம்மாவிடம் சொல்லலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் அம்மாவும் நானும் வசிக்கிறோம். தமிழருக்கு எதிரான 83 ஜூலைக் கலவரத்தில் எங்கள் வீடு எரிக்கப்பட்டது. நான் அப்போது பிறக்கவில்லை. அண்ணாவுக்கு ஆறு வயது. இரத்மலானை முகாமிலிருந்து கப்பலில் காங்கேசன்துறை போய், நல்லூரில் சின்னம்மா வீட்டில் சில காலம் இருந்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பினார்கள். அப்பா காலமான பிறகு இப்போதுதான் அம்மா அதையெல்லாம் சொல்லத் தொடங்கியிருக்கிறார். நான் கைப்பேசியில் பதிவு செய்கிறேன். வீடு எரிந்தது வெள்ளிக்கிழமை என்கிறார் அம்மா; கனடாவில் இருக்கும் அண்ணா திங்கள் என்கிறார்.

கீழ்மாடியில் இருக்கும் சிங்கள அங்கிள் இராணுவத்தில் இருந்தவர். மிதிவெடியில் ஒரு காலை இழந்தவர். பொங்கலுக்கு நாங்கள் கொடுப்போம், சித்திரைப் புத்தாண்டுக்கு அவர்கள் பாற்சோறு தருவார்கள். என் பதிவைப் பற்றி அறிந்து, தன் கதையையும் எழுதி வைக்கச் சொன்னார். 1995இல் யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்த படையில் இருந்தாராம். ஆளில்லாத ஒரு வீட்டில் தையல் இயந்திரத்தில் பாதி தைத்த சட்டை அப்படியே இருந்ததாம். என் சின்னம்மா தையல் வேலை செய்தவர். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கதைக்க விடலாமா? "அவனோடு உனக்கென்ன கதை, அம்மாவுக்குத் துரோகம் செய்கிறாய்" என்கிறார் அண்ணா.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள மகளுக்கு,

துரோகம் இல்லை. அந்தச் சொல்லை முதலில் மனதிலிருந்து அகற்றுங்கள். அயலவர் ஒருவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறீர்கள். அம்மா பட்டதில் ஒரு துளியும் அதனால் குறைந்துவிடாது.

ஆனால் இருவரையும் ஒன்றாக உட்கார வைக்க வேண்டாம். அந்தச் சந்திப்பு யாருக்குத் தேவைப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அம்மா கேட்கவில்லை. உங்கள் கடிதத்தின்படி அங்கிளும் கேட்கவில்லை. இரண்டு கதைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குபவர் நீங்கள்தான். அதை எங்காவது இறக்கி வைக்க ஆசைப்படுகிறீர்கள், அது இயல்பு. அதற்காக, நாற்பது ஆண்டுகளாக வாய் திறக்காத ஒரு தாயை முன்னாள் படைவீரர் ஒருவருக்கு எதிரே அமர்த்தினால், அவர் மரியாதைக்குச் சிரித்துத் தேநீர் கொடுப்பார். அதன் பிறகு உங்களிடமும் பேச மாட்டார்.

கிழமை விஷயத்தில் அம்மா, அண்ணா இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். 1983 ஜூலை 23, சனி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் 13 படையினர் கொல்லப்பட்டார்கள். ஞாயிறு இரவு பொரளை கனத்தை மயானத்தில் கூடிய கூட்டத்திலிருந்து வன்முறை கிளம்பியது. திங்கட்கிழமை வெள்ளவத்தை எரிந்தது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். ஓரளவு அடங்கியதுபோல் தெரிந்த பின், 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவி மீண்டும் கொலை விழுந்தது. வீடு திங்கட்கிழமை எரிந்திருக்கலாம். அம்மாவை உயிர்ப்பயம் பிடித்தது வெள்ளிக்கிழமையாக இருக்கலாம். பதிவில் அவரைத் திருத்தாதீர்கள். "இல்லை அம்மா, திங்கள்தான்" என்று நீங்கள் குறுக்கிட்டால், வழக்கறிஞரின் குறுக்கு விசாரணையில் சிக்கியவர் போல் அவர் ஒவ்வொரு சொல்லையும் யோசித்துப் பேசத் தொடங்கிவிடுவார். திகதிகளை நீங்கள் தனியே குறித்து வையுங்கள்.

சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேளுங்கள். வீட்டை விட்டு ஓடும்போது கையில் எதை எடுத்தார், முதலில் யார் வீட்டில் ஒளித்தார், முகாமில் தண்ணீருக்கு எப்படி வரிசை நின்றார்கள், கப்பலில் அண்ணாவுக்கு என்ன சாப்பிடக் கொடுத்தார். "அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்ற கேள்வியைத் தவிருங்கள், அதற்கு யாரிடமும் பதில் இருப்பதில்லை. ஒளித்து வைத்தது ஒரு சிங்களக் குடும்பமாக இருந்தால் அதுவும் அம்மா வாயிலிருந்தே வரட்டும். அன்று அப்படிக் காப்பாற்றியவர்கள் பலர்.

இத்தனை காலம் ஏன் பேசவில்லை என்று அம்மாவைக் கேட்டுவிடாதீர்கள். அந்த வாரம் வியாழக்கிழமை, 28ஆம் திகதி, ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். வீடிழந்தவர்களுக்கு அதில் ஓர் அனுதாபச் சொல்கூட இல்லை. இறந்தவர்கள் நானூறுக்கும் குறைவு என்றது அரசு. மூவாயிரம் வரை இருக்கும் என்கிறது தமிழர் தரப்பு. முன்னாள் பிரதம நீதியரசர் சர்வானந்தா தலைமையில் இதைப் பற்றி விசாரிக்க ஓர் ஆணைக்குழு அமைந்தது 2001இல்தான். கேட்க வேண்டியவர்கள் பதினெட்டு ஆண்டுகள் கேட்காமல் இருந்தால், எரிந்த வீட்டுக்காரர் யாரிடம் போய்ப் பேசுவார்?

இனி அங்கிள். அவருக்கும் ஓர் அமைதி விதிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அது வேறு விதமானது. பத்தரமுல்லையில் நாடாளுமன்றத்துக்கு அருகே படைவீரர்களுக்கு நினைவுத்தூபி இருக்கிறது, மே மாதத்தில் நினைவு விழா நடக்கிறது. அங்கே அவர் 'ரணவிரு', அதாவது போர் வீரநாயகன். ரணவிருவுக்குப் பயந்ததாகச் சொல்ல அனுமதி இல்லை, ஆளில்லாத வீட்டில் ஒரு சட்டையைப் பார்த்துக் கலங்கியதாகச் சொல்லவும் அனுமதி இல்லை. அவருடைய தோழர்களிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லியிருக்கிறார். தனியே, அவர் மொழியிலேயே பதிவு செய்யுங்கள். ஆனால் அவரிடமும் அம்மாவிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, 'இரு பக்கமும் துன்பப்பட்டது' என்று ஒரே கோப்பில் போட்டு மூடாதீர்கள். ஒருவர் துப்பாக்கியோடு உள்ளே போனவர், மற்றவர் குழந்தையோடு வெளியே ஓடியவர். அவருடைய வலி உண்மையானது. அது அம்மாவின் வலிக்குச் சமன் செய்யும் கணக்கு அல்ல.

அந்த வீடு ஏன் ஆளில்லாமல் இருந்தது என்று அவருக்கு முழுதாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 'சூரியக்கதிர்' நடவடிக்கையில் இராணுவம் நெருங்கி வந்தபோது, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பின்னால் ஷெல் விழுந்தது, மேலே மழை. இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் இராணுவம் யாழ் நகரைப் பிடித்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. அங்கிள் கண்ட வெறுமையும் உங்கள் சின்னம்மா நடந்திருக்கக்கூடிய இரவும் ஒரே நிகழ்வின் இரு முனைகள். அந்தச் சட்டை சின்னம்மா தைத்ததுதானா என்று அவரிடம் துருவிக் கேட்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு தையல் இயந்திரம் இருந்த காலம் அது. அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெளியாது; இருவருக்கும் நித்திரை போகும்.

உங்கள் கடிதத்தில் சின்னம்மா பேசவே இல்லை. அவர் நலமாக இருந்தால், விடுமுறை கிடைத்ததும் போய் அவர் கதையை முதலில் கேளுங்கள், அங்கிள் சொன்னதை ஒரு வார்த்தையும் சொல்லாமல். யாழ்ப்பாணத்தில் அதற்கு முன்பே ஆளில்லாமற்போன வீடுகளும் உண்டு: 1990 ஒக்டோபரில் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றிய முஸ்லிம்களின் வீடுகள். சின்னம்மா அந்த அயலவரைப் பற்றியும் ஏதாவது சொன்னால், சங்கடமாக இருந்தாலும் வெட்டாமல் வையுங்கள்.

அங்கிள் விஷயத்தில் இன்னும் ஒன்று, இதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. ஒரு நாள் அவர் தான் செய்த ஒன்றைச் சொல்லக்கூடும். 'பரவாயில்லை அங்கிள்' என்று சொல்லாதீர்கள். மன்னிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. அது பட்டவர்களுக்கு மட்டும் உரியது. பிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஒருவரைப் பற்றியோ புதைத்த இடத்தைப் பற்றியோ சொன்னால், அதை உங்கள் கைப்பேசியில் பூட்டி வைக்கவும் கூடாது. காணாமற்போனவர்களின் குடும்பங்கள் இன்னும் வீதியோரத்தில் படங்களோடு நிற்கின்றன. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின்மீது அந்தக் குடும்பங்களில் பலருக்கு நம்பிக்கை இல்லை. எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. ஆகவே நீங்கள் நம்பும் ஒரு சட்டத்தரணியோடு முதலில் பேசுங்கள். இப்படிச் செய்வீர்கள் என்பதை அங்கிளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை. படையிலும் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் காணாமற்போயிருக்கிறார்கள். அவர்களின் தாய்மாரும் காத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். நீங்கள் சொல்வது அவருக்குப் புரியும்.

பதிவுகளை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அம்மா உயிரோடு இருக்கும்வரை அது அம்மாவின் சொத்து. கதைத்த அன்றிரவு அவர் தூங்காமலிருந்தால் சில நாள் நிறுத்துங்கள். உங்களுக்கும் நித்திரை வராமல் இப்படியே நீண்டால் மருத்துவரைப் பாருங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.

அண்ணாவோடு வாதாட வேண்டாம். அன்று ஆறு வயதுப் பிள்ளையாக அந்த வீட்டில் இருந்தவர் அவர். நீங்கள் அம்மாவிடம் கேட்டீர்கள், அங்கிளிடம் கேட்டீர்கள், அண்ணாவிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த முறை பேசும்போது அங்கிளின் பேச்சை எடுக்காமல், அந்தத் திங்கட்கிழமை அவர் எங்கே நின்றார் என்று மட்டும் கேளுங்கள். கோபித்துத் தொலைபேசியை வைத்துவிட்டால் விட்டுவிடுங்கள். சில வாரங்கள் கழித்து மறுபடி கேளுங்கள்.