பிராண்டிவைன் நாற்று நூலாக நீள்கிறது என்று கேட்டவருக்கு

வணக்கம். டொராண்டோ அடுக்ககத்தில், ஜன்னலோரம் வைத்த பிராண்டிவைன் தக்காளி நாற்றுகள் வெளிறி, நூல் போல நீண்டு சாய்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். உரம் போட்டுப் பார்க்காதீர்கள், பிரச்சினை வெளிச்சத்தில்தான். மார்ச் மாதத்து ஜன்னல் வெளிச்சம் தக்காளிக்குப் போதாது. சாதாரண எல்இடி குழல்விளக்கே போதும். இலைக்கு மேல் ஐந்து முதல் எட்டு செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, தினம் 14–16 மணி நேரம் எரியவிடுங்கள். முளைத்தபின் தொட்டிக்கு அடியில் சூடேற்றும் வெப்ப விரிப்பு வேண்டாம், 18–20 டிகிரியே நல்லது.

நீண்டுபோன நாற்றைத் தூக்கிப் போட வேண்டாம். வித்திலைக்கு (முளைத்ததும் முதலில் விரியும் ஜோடி இலை) அடுத்து முதல் உண்மையிலை வந்ததும், வித்திலை வரை தண்டு புதையும்படி ஆழமாக வேறு தொட்டியில் நடுங்கள். புதைந்த தண்டிலும் வேர் விடும், தக்காளிக்கு அந்த வசதி உண்டு. ஆனால் மண்ணை ஒட்டித் தண்டு கறுத்து ஒடுங்கியிருந்தால் அது நாற்றழுகல். அந்த நாற்றைப் பிடுங்கிவிட்டு, மற்றவற்றுக்குத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இலை விளிம்பில் பல் இல்லாமல் உருளைக்கிழங்கு இலை மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். பிராண்டிவைனுக்கு அதுதான் இயல்பு.