பூப் பட்டியலில் சீரகம் எப்படி வந்தது?

கேள்வி: மதுரைப் பூச்சந்தை பற்றி இணையத்தில் வந்த தமிழ்ச் செய்திகளைச் சேர்த்து, மல்லி, பிச்சி, கனகாம்பரம் என்று மாதிரிச் சொற்களைக் கொடுத்து, அவை வரும் வரிகளைப் பார்த்துக் கணினியே மற்ற பூக்களின் பெயரையும் பட்டியல் போடும்படி ஒரு நிரல் எழுதினேன். போதாதென்று சமையல், வீட்டுக் குறிப்புப் பக்கங்களையும் கொடுத்தேன். இப்போது பூ வரிசையில் சீரகமும் மிளகும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. எங்கே பிசகியது?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: தொடக்கத்தில் நீங்கள் கொடுத்த மாதிரிச் சொற்கள் மல்லி, பிச்சி, கனகாம்பரம் என்று எழுதியிருந்தீர்கள். வம்பு முதல் சொல்லில்தான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி என்றால் பூ. கீழமாசி வீதி மளிகைக் கடையில் கேட்டால் தனியாவை அளந்து கொடுப்பார்கள். நமக்கு இடத்தைப் பார்த்ததும் புரிந்துவிடும். கணினியோ ‘மல்லி, மிளகு, சீரகத்தை வறுத்து’ என்ற வரியைப் படித்து, மல்லி பூ என்றால் பக்கத்தில் நிற்பவையும் பூதான் என்று முடிவுகட்டியது. அடுத்த சுற்றில் ‘வறுத்து’ என்ற சொல்லே பூவுக்கு அடையாளமாகியிருக்கும். அப்புறம் காய்ந்த மிளகாய் வர எவ்வளவு நேரம்?

பெரிய இடத்திலேயே இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழுவினர் 2010-ல் ‘நெல்’ என்ற நிரலை ஓடவிட்டார்கள் (நம் வயல் நெல் இல்லை, ஆங்கிலப் பெயரின் சுருக்கம்). இராப்பகலாக இணையத்தைப் படிப்பதுதான் அதன் வேலை. பிஸ்கட் மாதிரிப் பண்டத்துக்கும் குக்கீ என்று பெயர், இணையதளங்கள் நம் கணினியில் போட்டுவைக்கும் சிறு குறிப்புக்கும் (பிரவுசர் குக்கீ) அதே பெயர். நெல் இந்தப் பிரவுசர் குக்கீயையும் பேக்கரிப் பண்டம் என்று எடுத்துக்கொண்டது. குக்கீயை டெலீட் செய்கிறார்கள், ஃபைலையும் டெலீட் செய்கிறார்கள், ஆகவே ஃபைலும் பண்டம்! மனிதர்கள் தலையிட்டுத்தான் திருத்த வேண்டியிருந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். மாதிரியிலிருந்து மல்லியை எடுத்துவிட்டு மல்லிகை, சம்பங்கி, அரளி என்று வேறு பொருள் இல்லாத சொற்களை வையுங்கள். ‘கிலோ இவ்வளவு ரூபாய்’ என்ற வாக்கிய அமைப்பை நம்பாதீர்கள், தக்காளியும் அதில் வரும். ‘போன்ற பூக்கள்’ நல்ல அமைப்பு. ஆங்கிலத்தில் இதே வகை அமைப்புகளை வைத்து மார்ட்டி ஹெர்ஸ்ட் என்ற கணினி ஆய்வாளர் 1992-லேயே செய்து காட்டினார். எனக்குப் பிடித்தது ‘ஒரு முழம்’. தனியாவை யாரும் முழம் போட்டு வாங்குவதில்லை. (கயிறும் துணியும் எப்போதாவது நுழையும், தள்ளிவிடலாம்.)

கூடவே மளிகைச் சாமான் பட்டியல் ஒன்றையும் கணினி வளர்க்கட்டும். இரண்டு பட்டியலுக்கும் உரிமை கேட்கும் சொல்லைச் சேர்க்காமல் உங்களிடம் நீட்டச் சொல்லுங்கள். மல்லி அப்படித்தான் வந்து நிற்கும். அதை ‘மல்லி (பூ)’, ‘மல்லி (தனியா)’ என்று நீங்களே இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

வேற்றுமை உருபுகளையும் ‘உம்’ போன்ற ஒட்டுகளையும் கழிக்காவிட்டால் பிச்சியை, பிச்சிக்கு, பிச்சியும் மூன்று பூவாகிவிடும். இன்னொன்று: ஒரே செய்தியைப் பத்துத் தளங்கள் அப்படியே போட்டிருந்தால் அது பத்துச் சாட்சி இல்லை, ஒன்றுதான். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது கிடைத்த வரியையும் சேமித்து வையுங்கள். அடுத்த முறை சீரகம் வந்தால் எந்த வரி வழியாக நுழைந்தது என்று உடனே பிடித்துவிடலாம்.