கோல்ட் ப்ரூ காபி வீட்லயே போட முடியுமா? மெஷின் வேணுமா? நார்மல் காபிய விட வயித்துக்கு நல்லதா?

கோல்ட் ப்ரூன்னா காபி பொடிய சூடு பண்ணாம குளிர்ந்த தண்ணியில ராத்திரி பூரா ஊற வச்சு வடிகட்டுறது தான், மெஷின் எதுவும் வேணாங்க. மூடி போட்ட கண்ணாடி பாட்டில், வடிகட்ட வெள்ளத்துணி, பிரிட்ஜ், அவ்ளோதான். ஆனா ருசி மொத்தமும் பொடியில தான் இருக்கு, அத மட்டும் கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

டிகாஷனுக்கு வாங்கி வச்சிருக்கிற பில்டர் காபி பொடிய தயவுசெஞ்சு இதுல போடாதீங்க. அது நைசா அரைச்சது, ராத்திரி பூரா ஊறினா கசப்பு ஏறிடும், எத்தன தடவ வடிகட்டினாலும் அடியில வண்டல் நிக்கும். அதுலயும் சிக்கரி கலந்ததா இருந்தா கலர் கருகருன்னு வரும், காபி ருசி அதுக்குள்ள அமுங்கிடும். அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ் ஊர்ல சிக்கரி போட்டே கோல்ட் ப்ரூ குடிக்கிறாங்க, அது வேற டேஸ்ட், முதல்ல ப்யூர் காபியில போட்டு பாருங்க. கண்ணு முன்னாடி அரைச்சு குடுக்கிற காபி கடைக்கு போயி "பிளான்டேஷன் ஏ குடுங்கண்ணே, சிக்கரி வேணாம், நல்லா கொரகொரன்னு அரைங்க"ன்னு கேளுங்க, பில்டருக்கு இல்லன்னும் சேத்து சொல்லிடுங்க, இல்லாட்டி கை பழக்கத்துல நைசா அரைச்சிடுவாங்க. ரவைய விட பெருசா இருக்கணும். பிளான்டேஷன் ஏங்கிறது அராபிகா காபி கொட்டையில ஒரு தரம். பீபெரியும் (பழத்துக்குள்ள ஒத்தையா உருண்டையா விளையுற கொட்டை) நல்லா இருக்கும். ரோபஸ்டாங்கிற இன்னொரு காபி ரகத்த மட்டும் போட்டா காட்டம் தூக்கலா இருக்கும், எனக்கு புடிக்காது.

100 கிராம் பொடிக்கு 800 மில்லி தண்ணி. உப்புத் தண்ணி வேணாம், குடிக்கிற கேன் தண்ணியே ஊத்துங்க. பொடி மேல மிதக்கும், எல்லாம் நனையிற வரைக்கும் மெதுவா கிண்டி மூடி பிரிட்ஜ்ல வச்சிடுங்க, சாயங்காலம் 4 மணிக்கு வச்சா மறுநாள் காலைல 8 மணிக்கு எடுக்கலாம். வெளிய வச்சா 12 மணி நேரம் போதும்னு சொல்லுவாங்க, நம்மூரு மே மாச வெயில்ல அந்த வேலையே வேணாம்.

முதல்ல டீ வடிகட்டியில, அப்புறம் நனைச்ச துணியில வடிகட்டுங்க. துணிய புழியாதீங்க, தானா சொட்டட்டும், புழிஞ்சா வண்டலும் சேந்து இறங்கிடும். பொடியே கிட்டத்தட்ட 200 மில்லிய குடிச்சிடும், கையில 600 மில்லி வரும். இது கெட்டியான டிகாஷன் மாதிரி தான், அப்படியே குடிக்காம ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணியோ காய்ச்சி ஆற வச்ச பாலோ கலந்துக்கோங்க. சர்க்கரை சில்லுன்னு இருக்கிறதுல லேசுல கரையாது, பாகு காய்ச்சி வச்சுக்கணும், நாட்டுச் சர்க்கரை பாகுன்னா இன்னும் அருமை. பால் கலக்காம பிரிட்ஜ்ல வச்சா ஒரு வாரம் தாங்கும், கலந்தத அன்னைக்கே குடிச்சிடுங்க.

வயித்துக்கு நல்லதான்னா, அமிலமே இல்லன்னு சொல்றத நம்பாதீங்க. 2018ல பிலடெல்பியாவுல தாமஸ் ஜெபர்சன் பல்கலைக்கழகத்துல அளந்து பாத்தாங்க, சூடா போட்டது, குளிர்ல போட்டது ரெண்டுக்குமே பிஎச் (அமிலத்த காட்டுற அளவு, 7க்கு கீழ குறைய குறைய அமிலம் ஜாஸ்தி) 4.85ல இருந்து 5.13க்குள்ள தான் வந்துச்சு. மொத்த அமிலம் சூடா போட்டதுல கூடுதலா இருந்துச்சு, நாக்குக்கு கோல்ட் ப்ரூ மென்மையா தெரியிறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அதனால காபி குடிச்சா நெஞ்செரியிறவங்க இதையும் வெறும் வயித்துல குடிக்காதீங்க, கஃபீன் ஒண்ணும் இதுல குறைஞ்சு போறதில்ல, கசப்பு தெரியலையேன்னு சாயங்காலம் ரெண்டு டம்ளர் குடிச்சா ராத்திரி தூக்கம் வராது.